ஓடினால்தான் சைக்கிள்

மசில் பைக் என்ற பிள்ளைகள் சைக்கிளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 20 அங்குலச் சின்னச் சக்கரம். இரண்டு பிள்ளைகள் நெருக்கி உட்காரும் நீளத்துக்கு வாழைப்பழ வடிவில் ஒரு சீட். அந்த சீட்டின் பின்முனையைத் தாங்கியபடி முதுகுக்குப் பின்னால் வளைந்து எழும் கம்பி. அதை சிஸ்ஸி பார் என்பார்கள். நெஞ்சுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஹேண்டில் பார். பெரியவர்களின் மோட்டார் சைக்கிளையும் பந்தயக் காரையும் பார்த்து ஏங்கிய பிள்ளைகளுக்காகவே வரைந்த உருவம் அது. 1960களின் நடுவிலிருந்து ஏறக்குறைய பத்தாண்டு காலம் அமெரிக்கச் சிறுவர்கள் ஆசைப்பட்டுக் கேட்ட சைக்கிள் இதுதான்.

இன்று இவற்றை இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று, கராஜ் மூலையில் புல்வெட்டும் எந்திரத்துக்குப் பின்னால், டயர் வெடித்து, செயின் துருவில் இறுகிப்போய். இன்னொன்று, சேகரிப்பாளர்களின் வீட்டுச் சுவரில், கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு, தரையையே தொடாமல். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிற காட்சிகள். சிகாகோவின் புறநகரில் குடியேறி, குளிர்காலத்தில் கராஜில் சைக்கிள் பிரித்துப் பழகிய நாளிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம்தான்: சைக்கிள் என்றால் ஓடவேண்டும். கண்காட்சிக்கு வைக்கிற அளவுக்கு ஒரு மசில் பைக்கைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கில் டாலர் போகும். பத்திரமாக ஓட்டுகிற அளவுக்குக் கொண்டுவர, வாங்கிய விலையும் சேர்த்து ஏறக்குறைய 150 டாலர் போதும். எதற்குச் செலவழிக்கிறோம், எதைத் தொடாமல் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கதையின் ஆரம்பம் இந்த ஊர்தான். சிகாகோவில் 1895-ல் தொடங்கிய ஷ்வின் கம்பெனியில் ஆல் ஃப்ரிட்ஸ் என்றொருவர் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். தெற்குக் கலிபோர்னியாவில் பையன்கள் பழைய 20 அங்குல சைக்கிள்களில் மாட்டுக்கொம்புபோல் அகன்ற ஹேண்டிலையும், சைக்கிள் போலோவுக்காகச் செய்த நீள சீட்டையும் தாங்களாகவே மாட்டி ஓட்டுகிறார்கள் என்று அவருக்குச் செய்தி வந்தது. அந்தப் பையன்களின் கைவேலையை அவர் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். 1963-ல் ஸ்டிங்ரே வந்தது; விலை 49.95 டாலர். ஹஃபி கம்பெனியின் பெங்குவின் என்ற மாடலும் அதே ஆண்டு வந்ததுதான். ஆனாலும் நாடு முழுக்கப் பேர் வாங்கியது ஸ்டிங்ரே. பிறகு எல்லாக் கம்பெனிகளும் வரிசையாக இறங்கின: மர்ரே எலிமினேட்டர், ராஸ் பாரக்கூடா, சியர்ஸ் ஸ்பைடர், வெஸ்டர்ன் ஃபிளையர் பஸ் பைக். 1968-ல் ஷ்வின் தன் உச்சத்தைத் தொட்டது. ஆரஞ்சு கிரேட், ஆப்பிள் கிரேட், லெமன் பீலர் என்று பழப்பெயர் வைத்த கிரேட் வரிசை: முன்னால் 16 அங்குலச் சக்கரம், அதைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கில் ஸ்பிரிங், நடுக்கம்பியில் கார் கியர்போல ஒரு குச்சி. அந்த வரிசை 1973 வரை ஓடியது. 1970களில் பாதுகாப்பு விதிகள் இறுகியபோது அந்தக் கியர் குச்சி ஒழிந்தது. இடுப்புக்கு நேரே இரும்புக் குச்சி நிற்கும் சைக்கிளில் பிள்ளை முன்னால் சரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்த விதி நியாயமானதுதான்.

பணம் குறைவாக வைத்திருப்பவர்கள் கிரேட் பக்கம் போகவே வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் கிரேட் ஆயிரம் டாலரைத் தாண்டும். 1971-ல் மட்டும் வந்த கிரே கோஸ்ட் அதற்கும் மேலே. அரைகுறையாகக் கிடைத்தாலும் ஸ்பிரிங் ஃபோர்க், முன் டிரம் பிரேக், கியர் குச்சி என்று ஒவ்வொரு உதிரியும் தனித்தனியாகப் பையைக் காலி செய்யும். தேடவேண்டியவை, சேகரிப்பாளர்கள் திரும்பிப் பார்க்காத சைக்கிள்கள். கியர் இல்லாத, காலால் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் ஸ்டிங்ரே. டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் விற்ற மர்ரே, ஹஃபி. எல்லாவற்றையும்விட, பெண்பிள்ளைகளுக்காக ஷ்வின் செய்த ஃபேர் லேடி. சக்கரத்தின் நடுவில் ஸ்டிங்ரேயின் அதே ஹப், பெடலைத் தாங்கும் அதே கிராங்க், அதே வெல்டிங். நடுக்கம்பி மட்டும் தாழ்ந்து வளைந்திருக்கும், முன்னால் பூப்போட்ட கூடை இருக்கும். பெண்பிள்ளை வண்டி என்ற ஒரே காரணத்துக்காக விலை பாதிக்கும் கீழே விழுந்து கிடக்கிறது. அந்தப் பாரபட்சத்தால் நமக்கு லாபம். ஆனால் இவ்வளவு நல்ல சைக்கிள்கள் உதிரிக்காகப் பிரிக்கப்பட்டு, ஃபிரேம் மட்டும் பழைய இரும்புக்குப் போவதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

என் மகள் இப்போது ஓட்டுவது அப்படி வந்த ஊதா நிற ஃபேர் லேடி. பக்கத்து ஊரில் வயதான ஒருவர் இறந்தபின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கராஜுக்குள் ஏணியில் மாட்டியிருந்த சைக்கிளுக்கு 40 டாலர் கேட்டார்கள். கூடை இல்லை. சீட்டின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. சக்கரம் சுற்றவில்லை. பின்பக்கம் இடது அச்சு மாட்டும் தகட்டில் வரிசை எண்ணைத் தேடினேன். 1970க்கு முந்திய ஷ்வின்களில் அங்கேதான் இருக்கும், பிறகு வந்தவற்றில் ஹேண்டிலுக்குக் கீழே முன்குழாயில். 1965லிருந்து முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து ஆண்டு. ஆண்டு எழுத்தில் ஏ என்றால் 1965. என் சைக்கிளில் ஈ, டி என்று இருந்தது: 1968 மே மாதம். அது ஃபிரேமில் எண் குத்திய மாதம்தான். சைக்கிள் முழுதாகிக் கடைக்கு வந்தது சற்றுப் பிந்தி இருக்கலாம். எப்படியும் என்னைவிட மூத்த சைக்கிள்.

வாங்கும்போது துருவைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பார்க்கவேண்டியவை வேறு. ஃபோர்க் பின்னால் மடங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்குழாய்க்குக் கீழே பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால் எங்கேயோ மோதிய வண்டி, விட்டுவிடுங்கள். நீள சீட்டும் சிஸ்ஸி பாரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 70களில் பிஎம்எக்ஸ் எனப்படும் மண்பாதைப் பந்தய சைக்கிள் மோகம் வந்தபோது பையன்கள் முதலில் கழற்றி எறிந்தவை இவைதான். அதனால் வெறும் ஃபிரேமாகத் திரிகிற சைக்கிள்கள் ஏராளம். சிஸ்ஸி பார் அலங்காரத்துக்கு வைத்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். நீள சீட்டுக்கு முன்னால் ஒரு தாங்கல், பின்னால் ஒரு தாங்கல். பின்தாங்கல் இல்லாமல் உட்கார்ந்தால் எடை முழுவதும் சீட் குழாயின் நுனியில் இறங்கி அதை வளைத்துவிடும். ஷ்வினில் அந்தக் குழாயின் விட்டம் 13/16 அங்குலம்தான்.

பிரிக்க ஆரம்பிக்கும் முன் எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. அவசரப்பட்டு ஸ்பேனரில் குழாய் சொருகி முறுக்கினால் 50 வயது போல்ட் உடையும். அதை வெளியே எடுக்கிற செலவு சைக்கிள் விலையைத் தாண்டும். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மின் மேல் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு கீழே விழும். இந்த ஷ்வின்களின் ஸ்டெம் 21.1 மி.மீ. தடிமன். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 22.2 மி.மீ., அது உள்ளே போகாது. அதனால் பழைய ஸ்டெம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம்மூர் சைக்கிள் கடைகளில் வளர்ந்த கைகளுக்குக் கிராங்க்தான் புதிதாகத் தெரியும். நம்மிடம் அச்சு தனி, கிராங்க் தனி. இரண்டையும் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்து வெளியே எடுக்கவேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளின் சைக்கிளில் இரண்டு கிராங்கும் நடு அச்சும் ஒரே இரும்புத் துண்டு, எஸ் எழுத்துபோல் வளைந்தது. காட்டர் பின்னே கிடையாது. முதலில் இடது பெடலைக் கழற்றவேண்டும்; அதன் மரை எதிர்ப்புறம் என்பது நமக்குத் தெரியும். அதற்கு அடுத்த நட்டும், அதற்குள் பால்ஸ் குண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கோனும்கூட எதிர்மரைதான், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழறும். அவை வந்ததும் முழுக் கிராங்கையும் வலதுபக்கமாக வளைத்து வளைத்து வெளியே உருவிவிடலாம். பால்ஸ் கூட்டுக்குள் கோத்தபடி இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, அவை உருளும் கப்பில் குழி விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்து, புது கிரீஸ் அடைத்து, பால்ஸ் கப்பைப் பார்க்கும்படி, கூட்டின் முதுகு வெளியே இருக்கும்படி மாட்டவேண்டும். இந்த வேலைக்குத் தேவை ஒரு பெரிய ஸ்பேனரும் ஒரு ஸ்குரூ டிரைவரும்தான். பிள்ளைகள் அடித்து நொறுக்கினாலும் தாங்கவேண்டும், எந்த மூலைக் கடையிலும் ரிப்பேர் ஆகவேண்டும் என்று யாரோ அக்கறையோடு யோசித்துச் செய்த அமைப்பு இது. ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் அந்த ஆளுக்கு மரியாதை செலுத்தத் தோன்றும். உதிரி வாங்கும்போது மட்டும் கவனம்: ஷ்வின் கிராங்கின் மரை அங்குலத்துக்கு 28, மற்றவர்களுடையது 24. இதன் கோன் அதில் ஏறாது. பெடல் மரை எல்லாவற்றிலும் அரை அங்குலம். பிள்ளைகள் சைக்கிளுக்கான புதுப் பெடல் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. செயின் நம்மூர் சைக்கிளில் ஓடும் அதே 1/2க்கு 1/8 அங்குல அளவு. துருப்பிடித்த செயினை ஊறவைத்து மீட்கப் பாடுபடாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

இனி டயர். இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். டயர் ஓரத்தில் 20 x 1.75 என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் 20 x 1 3/4 என்று இருக்கும். கணக்குப் பாடத்தில் இரண்டும் ஒன்று. சைக்கிளில் இல்லை. தசமப் புள்ளி போட்ட டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மி.மீ. பின்னம் போட்ட ஷ்வின் டயருக்கு 419 மி.மீ. முதலாவதை ஷ்வின் ரிம்மில் ஏற்ற முடியாது. எத்தனை டயர் லீவர் போட்டாலும் விரல்தான் நசுங்கும். இரண்டாவதை 406 ரிம்மில் போட்டாலோ சுலபமாக ஏறிவிடும், காற்றடித்தால் நிற்பதுபோலவும் தெரியும், ஓடும்போது கழன்றுவிடும். ஆபத்து அதில்தான். சிக்கல் இதோடு முடியவில்லை. ஸ்டிங்ரேயில் பல மாடல்களுக்கு முன்சக்கரத்தில் எஸ்-7 எனப்படும் 419 ரிம், பின்சக்கரத்தில் எஸ்-2 எனப்படும் அகன்ற 406 ரிம். ஒரே சைக்கிளில் இரண்டு அளவு! கிரேட்டின் 16 அங்குல முன்சக்கரத்திலும் இதே கதை: சாதாரண டயருக்கு 305, ஷ்வினுக்கு 317. ஆகவே பழைய டயரில் எழுதியிருப்பதை முழுசாக நம்பாமல் ரிம்மில் பொறித்திருப்பதைப் படியுங்கள். எஸ்-7, எஸ்-2 என்று ஷ்வின் அதில் குத்தியிருக்கும். 419க்கான புது டயரை கெண்டா கம்பெனி செய்து விற்கிறது. டியூபுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாதாரண 20 x 1.75 டியூபே நீண்டு பொருந்திக்கொள்ளும். மர்ரே, ஹஃபி போன்றவற்றில் பெரும்பாலும் 406 ரிம்தான். எந்தக் கடையிலும் கிடைக்கும் பிஎம்எக்ஸ் டயர் போதும். பட்ஜெட்டில் இறங்குபவர்களுக்கு நான் மர்ரேயைச் சொல்வதற்குப் பெரிய காரணமே இதுதான்.

பின்சக்கரத்தில் ஸ்லிக் எனப்படும் வரிப்பள்ளமில்லாத வழவழப்பான ஒரிஜினல் டயர் இருந்தால், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். 50 வருட ரப்பரில் பிள்ளையை ஏற்றிவிடக் கூடாது. எறியவும் கூடாது, பின்னாளில் சைக்கிள் யார் கைக்குப் போகிறதோ அவரிடம் கூடவே போகட்டும்.

கோஸ்டர் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும்; கயிறு இல்லை, கட்டை இல்லை. மழையிலும் பிடிக்கும். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை ஈரத்தில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என் ஃபேர் லேடியில் இருந்தது பெண்டிக்ஸ் ஹப். சக்கரம் சுற்றாததற்கு உடைசல் எதுவும் காரணமில்லை, கிரீஸ்தான். பல பத்தாண்டுகள் காய்ந்து மெழுகாகியிருந்தது. முன்னால் மிதித்தால் வழுக்கிவிடும், பின்னால் மிதித்தால் பிடிக்காது என்று சொல்லி விற்கப்படும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான்.

பிரேக் கை (ஹப்பிலிருந்து நீளும் தகடு) இருக்கும் பக்கத்து நட்டை எடுத்து, கோனைத் திருப்பினால் உள்ளிருப்பவை வரிசையாக வரும்: பால்ஸ் கூடு, நான்கு வளைந்த பிரேக் ஷூக்கள், கிளட்ச், அதைப் பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங், மிதிக்கும் பக்கத்துத் திருகு. வெளியே வருகிற வரிசையிலேயே பழைய துணியில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவியபின் திருகின் மரை மழமழவென்று இருக்கிறதா, கிளட்ச் அதில் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அந்தச் சிறு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கிளட்ச் கூடவே சுற்றும், பிரேக் பிடிக்காது. அதை மட்டும் மாற்றவேண்டும். ஷூக்கள் அனேகமாக நம் ஆயுளுக்கும் தாங்கும். மாட்டும்போது பிரேக் ஷூக்கள் உட்பட எல்லாவற்றுக்கும் தாராளமாக கிரீஸ் வைக்கவேண்டும். பிரேக்கில் கிரீஸா என்று கேட்பார்கள். ரிம் பிரேக்கில் எண்ணெய் பட்டால் நாசம். இந்த ஹப்போ கிரீஸில் இயங்குவதற்காகவே செய்யப்பட்டது, உலர்ந்து ஓடினால் சூடேறிக் கவ்விக்கொள்ளும். கடைசியாக, ஹப்பிலிருந்து நீளும் பிரேக் கையை ஃபிரேமோடு சேர்த்துப் பட்டி போட்டு இறுக்கவேண்டும். இந்தப் பட்டி காணாமல்போன சைக்கிள்களை நிறையப் பார்க்கிறேன். அது இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கிற நேரத்தில் கை அப்படியே சுழலும், அச்சும் கூடச் சுழலும், சைக்கிள் நிற்காது. இரண்டு டாலர் தகடு அது. இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

சக்கரத்தில் கோட்டம் எடுப்பதற்குப் பெரிய ஸ்டாண்ட் எதுவும் வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கில் ஒரு பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டி, ரிம் எங்கே பென்சிலை உரசுகிறதோ அந்த இடத்து ஸ்போக்ஸ் கம்பியை, அதை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிளில் கால் சுற்று மட்டும் திருப்பவேண்டும். திருப்புமுன் நிப்பிளுக்கு எண்ணெய். ஷ்வின் ரிம் உள்ளே பொள்ளலாக இரட்டைச் சுவர் வைத்தது, பலமானது. அதிகம் கோட்டம் போயிருக்காது.

துருவைப் பொறுத்தவரை, மேலோட்டமான துருவும் அரித்த துருவும் வேறுவேறு. குரோமின் மேல் பழுப்பாகப் படிந்ததை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறல் விழாது. நட்டு, போல்ட், சிஸ்ஸி பார் போன்றவற்றை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் ஊறப்போடுவேன். மர வேலைக்கான வெளுப்புத் தூளாகக் கடைகளில் விற்கிறார்கள். பார் கீப்பர்ஸ் ஃபிரண்ட் என்ற பாத்திரம் தேய்க்கும் பொடியிலும் அதே அமிலம்தான் இருக்கிறது. கார்த்திகைக்குமுன் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே வேலையை இது இரும்பில் செய்கிறது. ஆனால் இது நஞ்சு. கையுறை போடுங்கள், வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பிள்ளைகளும் நாயும் அண்டாமல் மூடி வையுங்கள். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, எண்ணெய் தடவிவிடவேண்டும். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டாலே புதுத் துரு பூக்கும்.

பெயின்ட் விஷயத்தில் என் தீர்மானம் உறுதியானது: தொடக்கூடாது. ஷ்வினின் அந்த ஊதாவும் செம்பும் ஆரஞ்சும் சாதாரண நிறங்கள் அல்ல. வெள்ளிப் பூச்சின் மேல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறம் ஏற்றியவை. அதனால்தான் வெயிலில் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிகிறது. கார் பாலிஷை அழுத்தித் தேய்த்தால் மேல் நிறம் கரைந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். செயின் கார்டில் அச்சடித்த பெயர் இன்னும் மெல்லியது. சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, பிறகு மெழுகு, அவ்வளவுதான். அதே நிறத்தைத் திரும்ப அடிக்கத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஆகும் செலவில் நாலு சைக்கிளை ஓடவைக்கலாம். எங்கள் ஃபேர் லேடியின் பின் மட்கார்டில் ஒரு நீளக் கீறல் இருக்கிறது. 1968க்குப் பிறகு என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு பெண்பிள்ளை அதை எங்கேயோ சாய்த்துவைத்தபோது விழுந்திருக்கும். அதை ஏன் அழிக்கவேண்டும்?

சீட்டுக்குப் புது உறை வாங்கலாம், மினுமினுப்பான வினைல் கிடைக்கிறது. நான் பழையதையே வைத்துக்கொண்டேன். தையல் விட்ட இடத்தில் உட்பக்கமாக ஒரு வினைல் துண்டைப் பசை போட்டு ஒட்டி, வளைந்த ஊசியால் பழைய துளைகள் வழியாகவே தைத்தேன். என் மனைவி, "பழைய ஓட்டையிலயே தைங்க, புது ஓட்டை போட்டா அங்கேயே கிழியும்" என்று சொன்னது சரியான யோசனை. தையல் இன்றுவரை நிற்கிறது.

ராலே சாப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டிங்ரேக்கு இங்கிலாந்தின் பதில் அது. நாட்டிங்ஹாமில் செய்து 1969-ல் அமெரிக்காவிலும் 1970-ல் பிரிட்டனிலும் விற்றார்கள். முன்னால் 16, பின்னால் 20 அங்குலம், ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர். ராலேயை 1960-ல் வாங்கிய பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான், 1949-ல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு அடித்தளம் போட்ட கம்பெனி. நம் அப்பாக்களின் ஹெர்குலிஸுக்கும் அந்தச் சாப்பருக்கும் அப்படி ஓர் உறவு. 2023-ல் ராலே அதை மறுபடி வெளியிட்டபோது விலை 950 பவுண்டு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பழைய சாப்பரின் உதிரி தேடுவது சிரமம், எனவே முதல் சைக்கிளாக அதைச் சொல்லமாட்டேன். அந்த மூன்று கியர் ஹப் மட்டும் எண்ணெய் விட்டால் தலைமுறை தாண்டி உழைக்கும்.

ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். சீட் பின்சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் எடை முழுக்கப் பின்னால். ஒரு அழுத்து அழுத்தினால் முன்சக்கரம் தூக்கும். அந்தக் காலத்துப் பையன்கள் இதை விரும்பியதற்குக் காரணமே அதுதான். உயர்ந்த ஹேண்டில், குட்டை நீளம் என்பதால் திருப்பம் சட்டென்று விழும். வேகமான இறக்கத்துக்கோ பத்து மைல் பயணத்துக்கோ ஆன வண்டி அல்ல. தெருவுக்கும், பூங்காவுக்கும், நூலகத்துக்கும் ஆன வண்டி. மகளிடம் ஹெல்மெட்டும், மெதுவாகப் பின்மிதித்துப் பிரேக் பிடிக்கும் பழக்கமும் வந்தபிறகுதான் தெருவில் விட்டேன். "அப்பா, நிக்க கையே வேணாம்ப்பா!" என்று முதல் தடவை கத்திக்கொண்டே வந்தாள்.

முதல் சில ஓட்டத்துக்குப் பின் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது கிரீஸ் உட்கார்ந்ததும் கோன்கள் சற்றுத் தளரும். அச்சு நட்டுகள், ஸ்டெம் போல்ட், பிரேக் பட்டி, சிஸ்ஸி பாரின் அடி நட்டுகள் நான்கும் முக்கியம். சிஸ்ஸி பார் நட்டு ஓட்டத்தின் அதிர்வில் தானாகவே கழலும் பழக்கம் உள்ளது. நைலான் வளையம் வைத்த நட்டு போட்டால் பிரச்சினை தீரும்.

கணக்கைக் கேட்பவர்களுக்காக: சைக்கிள் 40, இரண்டு டயர் ஏறக்குறைய 50, டியூபும் ரிம் டேப்பும் 20, செயின் 12, பால்ஸ், கிரீஸ், அமிலம், சின்னச் சில்லறை எல்லாம் சேர்த்து 25. ஸ்பேனர்கள் ஏற்கெனவே இருந்தன. இல்லாதவர்கள் பெரும்பாலான நகரங்களில் இருக்கும் சமூக சைக்கிள் பட்டறைகளை நாடலாம். சிகாகோவில் வொர்க்கிங் பைக்ஸ் போன்ற அமைப்புகள் நன்கொடையாக வரும் பழைய சைக்கிள்களைச் சீர்செய்து மறுபடி தெருவுக்கு அனுப்புகின்றன. அப்படிப்பட்ட இடங்களில் நாள் முழுக்க நிற்கலாம், அவ்வளவு கற்றுக்கொள்ள இருக்கிறது.

இப்போது ஸ்டாண்டில் நிற்பது ஒரு பச்சை மர்ரே. ஃபிரேமும் சீட்டும் நன்றாக இருக்கின்றன, கிராங்கின் இடதுபக்கக் கோன் மட்டும் குழி விழுந்துவிட்டது. 24 மரைக் கோன் வேண்டும். இல்லினாய், விஸ்கான்சின் பக்கம் யாராவது பழைய பிள்ளைகள் சைக்கிளை இரும்புக்குப் போடப் போகிறீர்கள் என்றால், போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் கோனை மட்டுமில்லை, முழு சைக்கிளையுமே வந்து எடுத்துக்கொள்கிறேன்.